மஞ்சள் நகலை யார் படிக்கிறார்? கிளவுடில் பயன்படாத மிரரிங் பாலிசிகளை ஆபத்தில்லாமல் நீக்குவது

மதுரையில் இலந்தைகுளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்கள் தொடங்கி கே.கே. நகர், அண்ணா நகர் மாடி அறைகள் வரை, சிறு மென்பொருள் அலுவலகங்களைத் தேடி வரும் வேலை ஒன்று உண்டு. வேறு யாரோ அமைத்துவிட்டுப் போன கிளவுட் கணக்கை வாங்கிப் பராமரிப்பது. மாதக் கட்டணம் ஏன் இவ்வளவு வருகிறது என்று வாடிக்கையாளர் கேட்பார். பட்டியலைத் திறந்தால் விஎம் (கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் கணினி), டேட்டாபேஸ், ஸ்டோரேஜ் எல்லாம் புரியும். நடுவில் 'ட்ராஃபிக் மிரரிங்', 'பாக்கெட் மிரரிங்' என்று இரண்டு மூன்று வரிகள் நிற்கும். 'டெஸ்ட்-2', 'தற்காலிகம்' போன்ற பெயர்கள். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்த இடத்தில் இரண்டு விதமாக நடக்கிறது. தொட்டால் ஏதாவது நின்றுவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அல்லது, பயன்படவில்லை என்று தோன்றியதுமே டிலீட் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு. ஏன் என்று புரிய, மிரரிங் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

## மிரரிங் என்ன செய்கிறது

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் கார்பன் தாள் வைத்து எழுதிய பழைய பில் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாள் வாடிக்கையாளருக்கு. அடுத்தது கேஷ் கவுண்டருக்கு. மூன்றாவதாக ஒரு மஞ்சள் நகல், கணக்குப் பார்ப்பவருக்கு. மஞ்சள் நகல் இல்லாவிட்டாலும் சேலை விற்பனை நடக்கும். ஆனால் எங்கே பணம் குறைந்தது, எந்த பில்லில் தப்பு நடந்தது என்று பிறகு தேட அது வேண்டும்.

நெட்வொர்க்கில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் பயணிக்கிறது. அவற்றைப் பாக்கெட் என்கிறோம். ஒரு கணினிக்கு வரும், அதிலிருந்து போகும் பாக்கெட்டுகளை அப்படியே நகலெடுத்து இன்னோர் இடத்துக்கு அனுப்புவது மிரரிங். அலுவலகத்தில் சொந்த ஸ்விட்ச் (கணினிகளை இணைக்கும் பெட்டி) வைத்திருந்த காலத்தில், அதில் கேபிள் செருகும் ஒரு போர்ட்டை இதற்கென்று ஒதுக்குவார்கள். சிஸ்கோ ஸ்விட்சுகளில் இதற்கு ஸ்பான் போர்ட் என்று பெயர். கிளவுடில் கையால் தொட ஸ்விட்ச் கிடையாது. அதனால் அதே வேலையை ஒரு பாலிசியாக எழுதி வைக்கிறோம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் இந்த வசதியை 2019 ஜூனில் அறிமுகப்படுத்தியது. கூகுள் கிளவுடில் இதன் பெயர் பாக்கெட் மிரரிங்.

ஃப்ளோ லாக் என்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது சேவையைக் காட்டும் எண்), எத்தனை பைட் போனது என்ற குறிப்பு மட்டும்தான் ஃப்ளோ லாக். மிரரிங்கில் உள்ளே இருக்கும் சரக்கும் சேர்ந்தே நகலாகிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

## ஒரு பாலிசிக்குள் என்னென்ன இருக்கிறது

1. மூலம். யாருடைய பாக்கெட்டை நகலெடுப்பது என்பது. ஏடபிள்யூஎஸ்-இல் இது விஎம்மோடு இணைந்த நெட்வொர்க் இன்டர்ஃபேஸ். கூகுள் கிளவுடில் விஎம்மைப் பெயர் சொல்லிக் காட்டலாம், ஒரு சப்நெட்டையே (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) காட்டலாம், அல்லது 'இந்த டேக் (விஎம்முக்கு ஒட்டும் அடையாளப் பெயர்) உள்ள விஎம் எல்லாம்' என்று சொல்லலாம். அங்கே ஒரு பாலிசியில் அதிகபட்சம் 5 சப்நெட், 5 டேக், 50 விஎம்.

2. ஃபில்ட்டர். எல்லாப் பாக்கெட்டும் வேண்டுமா, குறிப்பிட்ட புரோட்டோகால் அல்லது முகவரி வரம்பு மட்டும் போதுமா, உள்ளே வருவதா, வெளியே போவதா, இரண்டுமா. ஏடபிள்யூஎஸ்-இல் ஃபில்ட்டரில் விதி எதுவும் எழுதாவிட்டால் ஒரு பாக்கெட்கூட நகலாகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கை கொடுக்கும்.

3. சேருமிடம். கூகுள் கிளவுடில் இதைக் கலெக்டர் என்கிறார்கள்: முன்னால் ஓர் உள் லோடு பேலன்சர் (வருவதைப் பல விஎம்களுக்குப் பிரித்துக் கொடுப்பது), பின்னால் நகலைப் படிக்கும் விஎம்கள். ஏடபிள்யூஎஸ்-இல் பெயர் டார்கெட். அங்கே இன்னொரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸையோ லோடு பேலன்சரையோ டார்கெட்டாக வைக்கலாம். படிக்கும் மென்பொருள் பெரும்பாலும், போக்குவரத்தில் தாக்குதலின் அறிகுறி தேடும் சூரிகாட்டா, ஸீக் மாதிரியான ஒன்றாக இருக்கும்.

4. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு. கூகுளில் பாக்கெட் மிரரிங் பாலிசி, ஏடபிள்யூஎஸ்-இல் மிரர் செஷன். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பாலிசி என்றே சொல்கிறேன்; வேறுபாடு முக்கியமாகும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

ஒரு செய்தி இன்னும் பாக்கி. ஏடபிள்யூஎஸ் நகல்களை விஎக்ஸ்லான் என்ற உறையில் சுற்றி, யூடிபி என்ற அனுப்பும் முறையில் 4789 போர்ட்டுக்கு அனுப்புகிறது. யூடிபியில் 'வந்து சேர்ந்ததா' என்று கேட்கும் பழக்கம் இல்லை. படிக்கும் மென்பொருள் செத்துப்போய் ஒரு வருடம் ஆனாலும் நகல் தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். மிரரிங் இப்படி மறந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம். டேட்டாபேஸ் நின்றால் வாடிக்கையாளர் போன் செய்வார். மஞ்சள் நகலை யாரும் படிக்காவிட்டால் ஒரு போனும் வராது.

## விட்டுவைத்தால் என்ன நட்டம்

பணத்தை முதலில் பார்ப்போம். ஏடபிள்யூஎஸ்-இல் மிரரிங் இயங்கும் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் மணிக்கணக்கில் கட்டணம். அமெரிக்காவின் வட விர்ஜீனியா விலைப்படி மணிக்கு 0.015 டாலர். 30 நாள் என்றால் 720 மணி, 10.80 டாலர். 20 இன்டர்ஃபேஸ் இருந்தால் மாதம் 216 டாலர். மும்பை, ஐதராபாத் ரீஜியன்களுக்கு (தரவு மையங்கள் உள்ள வட்டாரங்கள்) அந்தந்த விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் சேருமிடத்தில் நிற்கும் விஎம்கள், அவற்றின் டிஸ்க், நகல் வேறு ஜோனுக்கு (ரீஜியனுக்குள் ஒரு பிரிவு) போனால் அந்தப் போக்குவரத்துச் செலவு. பெரும்பாலும் பாலிசியைவிட இந்தத் துணைச் செலவுதான் அதிகம்.

அளவு எவ்வளவு சீக்கிரம் பெருகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக 10 மெகாபிட் வேகத்தில் போக்குவரத்து உள்ள ஒரு சிறு செயலி. விநாடிக்கு 1.25 மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக ஒரு நாளில் 108 கிகாபைட், மாதத்தில் 3 டெராபைட்டுக்கு மேல். இதை டிஸ்க்கில் சேமித்துக்கொண்டிருந்தால் கட்டணம் எங்கே போகிறது என்று தேட வேண்டியதே இல்லை.

அடுத்தது வேகம். நகல் போகும் பாதையும் அதே விஎம்மின் பேண்ட்வித்திலிருந்துதான் வெட்டப்படுகிறது. கூகுள் கிளவுடில் ஒரு விஎம்முக்கு விநாடிக்கு 1 கிகாபிட் உள்ளே வந்து 1 கிகாபிட் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு திசையையும் மிரர் செய்தால், வெளியே போகும் மொத்தம் 3 கிகாபிட்: அசல் ஒன்று, நகல் இரண்டு. ஏடபிள்யூஎஸ்-இல் நெரிசல் வந்தால் அசல் பாக்கெட்டுக்கே முன்னுரிமை, நகலை விட்டுவிடும். ஆனாலும் நகலும் விஎம்முக்கு உரிய பேண்ட்வித் கணக்கில்தான் சேரும்.

மூன்றாவதுதான் என் பார்வையில் பெரிய நட்டம். இணையத்திலிருந்து வரும் இணைப்பு பூட்டிய பெட்டியாக, டிஎல்எஸ் குறியாக்கத்தோடுதான் வரும். ஆனால் பல இடங்களில் வாசலில் நிற்கும் லோடு பேலன்சரிலேயே பூட்டைத் திறந்துவிடுவார்கள். அதற்கு உள்ளே, செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே, எல்லாம் திறந்த தாளாகவே போகும். மிரரிங் நகலெடுப்பது பெரும்பாலும் அந்த உள்பக்கத்தில். வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண், முகவரி, சில சமயம் கடவுச்சொல்கூட அந்த நகலில் இருக்கும். கேட்பாரற்ற ஒரு கலெக்டர் விஎம், இரண்டு வருடமாக அப்டேட் செய்யப்படாமல், இத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறது என்றால், அதை உடைத்து உள்ளே வருபவருக்கு வேறு எந்தக் கதவையும் தட்ட வேண்டிய வேலை இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. தகுந்த பாதுகாப்பு வைக்காமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சிறு நிறுவனங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

## 'பயன்படாதது' என்றால் எது

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கன்சோலில் (கிளவுடை நிர்வகிக்கும் வலைப்பக்கம்) பாலிசியைப் பார்த்து அது பயன்படுகிறதா என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் நகல் எழுதப்படுகிறதா என்று பில் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். யாராவது படிக்கிறார்களா என்பது கணக்கு அறைக்குப் போனால்தான் தெரியும். மேலூர்ப் பக்கம் ஒரு மடையை அடைப்பதற்கு முன் கடைமடைக்காரரைக் கேட்பார்கள் அல்லவா, அதே முறைதான்.

'பயன்படாதது' என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன.

1. நிறுத்தி வைக்கப்பட்டது. கூகுள் கிளவுடில் பாலிசியை நீக்காமல் செயலற்றதாக வைக்கலாம். நகல் எதுவும் போகாது. பார்த்ததும் நீக்கத் தோன்றும். ஆனால் சில பாதுகாப்புக் குழுவினர் வேண்டுமென்றே இப்படி வைப்பார்கள்: தாக்குதல் நடந்தால் உடனே இயக்கிக்கொள்ளத் தயாராக. சைபர் சம்பவத்தைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு. அந்த ஆறு மணி நேரத்தில் உட்கார்ந்து புதிதாக மிரரிங் அமைக்க யாருக்கும் நேரம் இராது. ஆக இது உறங்குகிறதா, காத்திருக்கிறதா என்று கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

2. மூலம் இல்லாதது. 'வெப்-பழையது' என்ற டேக் உள்ள விஎம்களை மிரர் செய் என்று பாலிசி சொல்கிறது. அந்த டேக் உள்ள விஎம் எதுவும் இப்போது இல்லை. செலவும் இல்லை, நகலும் இல்லை. இருந்தாலும் இதை விட்டுவைப்பது நல்லதல்ல. ஆறு மாதம் கழித்து யாராவது அதே பெயரில் டேக் வைத்தால், அவருக்கே தெரியாமல் அந்த விஎம்மின் பாக்கெட்டுகள் நகலாகத் தொடங்கும். சப்நெட்டைக் காட்டும் பாலிசிக்கும் இதே கதைதான்.

3. சேருமிடம் செத்தது. நகல் போகிறது, வாங்கும் விஎம் இல்லை, அல்லது இருந்தும் மென்பொருள் ஓடவில்லை. பச்சையான வீண்செலவு.

4. சேருகிறது, படிப்பவர் இல்லை. எல்லா எண்களும் 'நன்றாக இயங்குகிறது' என்றே காட்டும். சூரிகாட்டா எச்சரிக்கை எழுதிக்கொண்டே இருக்கும். அந்த எச்சரிக்கை போகும் மின்னஞ்சல், வேலையை விட்டுப் போனவருடையதாக இருக்கும். தானியங்கிக் கருவி எதற்கும் இது சிக்காது. மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

5. எப்போதாவது படிக்கப்படுவது. மாதம் ஒரு முறை, காலாண்டுக்கு ஒரு முறை யாரோ எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு வாரம் கவனித்துவிட்டு 'யாரும் தொடவில்லை' என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம்.

இவற்றில் 2, 3, 4 நீக்க வேண்டியவை. 1, 5 விசாரிக்க வேண்டியவை. எண்களைப் பார்க்க வசதி இரண்டு தளங்களிலும் உண்டு: கூகுள் கிளவுடின் மானிட்டரிங்கில், நகலான பைட், நகலான பாக்கெட், விடுபட்ட பாக்கெட் என்று அளவீடுகள் இருக்கின்றன, ஏடபிள்யூஎஸ் கிளவுட்வாட்சிலும் அதுபோலவே. எண் பூஜ்யம் என்றால் முதல் இரண்டில் ஒன்று. பூஜ்யம் இல்லை என்றால் மற்ற மூன்றில் ஒன்று. எண் நமக்குச் சொல்வது இவ்வளவுதான்.

## நீக்கினால் என்ன நின்றுபோகும்

அசல் போக்குவரத்து நிற்காது. பயந்து தொடாமல் இருப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மிரரிங் அசல் பாக்கெட்டின் வழியில் குறுக்கே நிற்பதில்லை. ஓரமாக நின்று நகல் எடுக்கிறது. பாலிசியை நீக்கினால் உங்கள் வலைத்தளமும் செயலியும் முன்போலவே ஓடும். பேண்ட்வித் கொஞ்சம் மிச்சமாகலாம்.

ஆனால் ஒரு பாலிசியை நீக்கினால் இன்னொரு பாலிசியின் நடத்தை மாறலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

காரணம், ஒரு மூலத்தில் பல பாலிசிகள் இருந்தாலும் ஒரு பாக்கெட்டுக்கு ஒரு நகல்தான். ஏடபிள்யூஎஸ்-இல் ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. சிறிய எண்ணிலிருந்து பார்த்துக்கொண்டு வரும்; எந்த செஷனின் ஃபில்ட்டர் முதலில் ஒத்துப்போகிறதோ அதற்கே நகல், மற்றவற்றுக்கு இல்லை. கூகுள் கிளவுடில் வரிசை எண்ணுக்குப் பதில், முகவரி வரம்பு குறுகலான ஃபில்ட்டர் கொண்ட பாலிசிக்கு முன்னுரிமை. முறை வேறாக இருந்தாலும் விளைவு ஒன்றே.

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தேனி, திண்டுக்கல், விருதுநகர் வரை சில்லறைக் கடைகள் இவர்களுடைய செயலியில் ஆர்டர் போடுகின்றன. சர்வர்கள் ஏடபிள்யூஎஸ் மும்பையில். செயலி விஎம்மில் இரண்டு செஷன்கள் இருக்கின்றன.

செஷன் 1: டேட்டாபேஸோடு பேசும் 3306 போர்ட் போக்குவரத்து மட்டும். போகுமிடம், நிறுவனத்தின் சொந்தக் கலெக்டர். அது நின்று எட்டு மாதமாகிறது.

செஷன் 2: எல்லாப் போக்குவரத்தும். போகுமிடம், பாதுகாப்புக் கண்காணிப்புக்கு அமர்த்தியிருக்கும் வெளி நிறுவனத்தின் கலெக்டர்.

செஷன் 1 செத்துப்போனது என்பது உண்மை. நீக்கிவிடலாம் என்று யாரும் சொல்வார்கள். நீக்கிய மறு நிமிடம் என்ன நடக்கும்? இதுவரை 3306 பாக்கெட்டுகளை எல்லாம் செஷன் 1 பிடித்துக்கொண்டிருந்தது; பிடித்துப் பாழில் எறிந்தாலும், செஷன் 2-க்குப் போகாமல் மறித்து வைத்திருந்தது. இனி அவை செஷன் 2-இல் விழும். கடைக்காரர் பெயர், கடன் பாக்கி, கைபேசி எண் எல்லாம் வெளி நிறுவனத்தின் கலெக்டருக்கு, யாரும் அனுமதிக்காமலேயே போய்ச் சேரும். அந்தக் கலெக்டருக்குச் சுமையும் கூடும். சூரிகாட்டா தாங்க முடியாமல் பாக்கெட்டுகளைத் தவறவிடும். தவறவிட்டவற்றில் உண்மையான தாக்குதல் இருந்தால் அதுவும் போச்சு.

பயன்படாத ஒன்றை நீக்கியதால் பயன்பட்ட ஒன்று பழுதாகிறது. நீக்குவதற்கு முன் அதே மூலத்தின் மேல் வேறு எந்தப் பாலிசி இருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான் கட்டாயம். இந்த எடுத்துக்காட்டில் செய்ய வேண்டியது, முதலில் செஷன் 2-இன் ஃபில்ட்டரில் 3306-ஐ விலக்கும் விதியைச் சேர்ப்பது. அதன் பிறகே செஷன் 1-இல் கை வைப்பது. ஒரே மூலத்தில் இரண்டு செஷன்களையுமே நீக்கப் போகிறோம் என்றால் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு வர வேண்டும். அப்போது எந்தப் பாக்கெட்டும் நடுவழியில் வேறிடத்தில் விழாது.

## நீக்கும் வரிசை

1. எல்லா இடத்திலும் தேடுங்கள். மிரரிங் பாலிசி ரீஜியனோடு கட்டுப்பட்டது. கன்சோலில் மும்பையைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஒன்றும் இல்லை' என்றால், டெல்லியிலோ ஐதராபாத்திலோ சிங்கப்பூரிலோ சோதனைக்கு வைத்தது அப்படியே இருக்கலாம். கணக்கில் இயங்கும் எல்லா ரீஜியனையும், எல்லா புராஜெக்டையும் (கூகுள் கிளவுடில் கணக்குக்குள் உள்ள பிரிவு) பாருங்கள்.

2. யார் வைத்தது என்று பாருங்கள். கூகுள் கிளவுடின் நிர்வாகச் செயல் ஆடிட் லாக் (யார் எதை மாற்றினார் என்ற பதிவு) 400 நாள் இருக்கும். ஏடபிள்யூஎஸ் கிளவுட்டிரெயிலின் நிகழ்வு வரலாறு 90 நாள்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்பே தனியாகச் சேமித்திருக்க வேண்டும். பெயர் கிடைத்தால் ஒரு போன் பேசிவிடுங்கள். வேலை மாறிப் போனவர்கூட 'அது போன வருஷம் ஒரு லேட்டன்சி பிரச்சினைக்கு வச்சது' என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி பத்து மணி நேர ஆராய்ச்சியை மிச்சப்படுத்தும்.

3. கடைசி முனையிலிருந்து விசாரியுங்கள். கலெக்டர் விஎம்மில் நுழைந்து, என்ன மென்பொருள் ஓடுகிறது, அது எங்கே எழுதுகிறது, அந்த இடத்திலிருந்து யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். பாதுகாப்புக் குழு, டேட்டாபேஸ் பார்ப்பவர், ஆடிட்டர், வெளி நிறுவனம் எல்லோரிடமும் எழுத்தில் கேளுங்கள்: 'இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லாவிட்டால் நிறுத்தப்போகிறோம்.' பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நிறுத்தி வைக்கும் ஆறாவது படி வரைக்கும்தான் சரி.

4. பாலிசியின் முழு வடிவத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். மூலம், ஃபில்ட்டர் விதிகள், சேருமிடம், வரிசை எண் எல்லாவற்றையும் கட்டளைவழியில் எடுத்து ஒரு கோப்பாக வைக்கவும். நீக்கிய பாலிசிக்கு மறுசுழற்சித் தொட்டி கிடையாது. திரும்ப வேண்டும் என்றால் முதலிலிருந்து எழுதத்தான் வேண்டும். திரைப் படம் மட்டும் எடுத்து வைத்தால் ஃபில்ட்டர் விதிகள் பாதி மறைந்திருக்கும்.

5. மேலே சொன்னபடி, அதே மூலத்தின் மற்றப் பாலிசிகளைச் சரிபாருங்கள்.

6. நீக்காமல் நிறுத்துங்கள். கூகுள் கிளவுடில் இது எளிது, பாலிசியைச் செயலற்றதாக மாற்றினால் போதும். ஏடபிள்யூஎஸ் செஷனுக்கு அப்படி ஒரு சுவிட்ச் இல்லை. அங்கேதான் காலி ஃபில்ட்டர் உதவுகிறது: விதி ஒன்றுமில்லாத ஒரு ஃபில்ட்டரை உருவாக்கி, செஷனை அதற்கு மாற்றிவிட்டால் நகல் நின்றுவிடும். திரும்ப வேண்டுமென்றால் பழைய ஃபில்ட்டருக்கு மாற்ற ஒரு நிமிடம். செஷன் உயிரோடு இருப்பதால் மணிக் கட்டணம் மட்டும் தொடரும். சோதனைக் காலத்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நிறுத்திய உடனே மற்றக் கலெக்டர்களின் சுமை ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் ஐந்தாவது படியில் எதையோ தவறவிட்டிருக்கிறோம்.

7. காத்திருங்கள். எத்தனை நாள் என்பது தொழிலைப் பொறுத்தது. குறைந்தது ஒரு முழு மாதச் சுற்று என்பேன். மளிகை மொத்த வியாபாரத்தில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று கணக்கு வேலை ஓடும். மாதக் கடைசியில் ஸ்டாக் கணக்கு. இவை எல்லாம் ஒரு தடவை கடந்து போக வேண்டும். காலாண்டு ஆடிட் உள்ள இடம் என்றால் மூன்று மாதம். இன்னொன்று, சித்திரைத் திருவிழா வாரத்திலோ தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளிலோ இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அப்போது போக்குவரத்து வழக்கமான அளவில் இருக்காது, எது எதனால் மாறியது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

8. நீக்குங்கள். பாலிசியை முதலில். சேருமிடத்தை முதலில் நீக்கப் போனால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று இரண்டு தளங்களும் மறுக்கும். அந்தத் தடை நல்லதே. ஆனால் லோடு பேலன்சருக்குப் பின்னால் நிற்கும் விஎம்களை நீக்க அப்படித் தடை இராது. அவற்றை முதலில் நீக்கினால், நகல் கேட்பாரற்ற இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். மேலே மூன்றாவது நிலை என்று சொன்ன அதே வீண்செலவை நாமே உண்டாக்கியதாகும்.

## டெராஃபார்மில் எழுதியிருந்தால்

கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதி உருவாக்கும் டெராஃபார்ம் போன்ற கருவியால் கணக்கு நிர்வகிக்கப்பட்டால் கன்சோலில் கை வைக்கக் கூடாது. கன்சோலில் நீக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருப்போம். அடுத்த வாரம் வேறொருவர் வேறு ஏதோ மாற்றத்துக்காக அப்ளை (கோடில் உள்ளபடி கிளவுடை மாற்றும் கட்டளை) கொடுப்பார். கோடில் பாலிசி இருக்கிறது, கிளவுடில் இல்லை என்று பார்த்து, கருவி அதைத் திரும்ப உருவாக்கிவிடும். இந்த முறை நிறுத்தப்பட்ட நிலையிலும் இருக்காது, முழு இயக்கத்தில் வரும்.

ஆகவே கோடிலிருந்து எடுத்து, பிளான் வெளியீட்டை (என்னென்ன மாறும் என்ற முன்னோட்டம்) படித்து, 'அழிக்கப்படும்' என்ற பட்டியலில் நாம் நினைத்தது மட்டும்தான் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே அப்ளை. கலெக்டருக்கும் பாலிசிக்கும் ஒரே மாட்யூல் (கோடின் ஒரு தொகுப்பு) என்றால், மாட்யூலை எடுக்கும்போது வேறு பாலிசி நம்பியிருக்கும் லோடு பேலன்சரும் சேர்ந்து போகும் வாய்ப்பு உண்டு.

## பாலிசி போன பிறகு மிச்சம் நிற்பவை

பாலிசியை நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அடுத்த மாதக் கட்டணம் ஏறக்குறைய அப்படியே வரும்போது குழம்புவார்கள். பாலிசி போனதும் கலெக்டர் தானாகப் போகாது. லோடு பேலன்சர், விஎம் குழு, டிஸ்க், தினசரி ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எல்லாம் நிற்கும்.

இவற்றை எடுக்கும்போது, அந்தக் கலெக்டரையோ லோடு பேலன்சரையோ வேறு பாலிசியும் பயன்படுத்துகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். மற்றொரு விபிசியிலிருந்து (கிளவுடுக்குள் ஒரு தனி நெட்வொர்க்) பியரிங் என்ற நெட்வொர்க் இணைப்பு வழியாக இங்கே நகல் அனுப்புபவர் இருக்கலாம். அவருடைய பாலிசி உங்கள் புராஜெக்ட் பட்டியலில் தெரியாமல் போகலாம். பிறகு லோடு பேலன்சரை எடுங்கள், அதன் பின் விஎம்களை.

ஃபயர்வால் விதிகள் பெரும்பாலும் மறக்கப்படும். மூலத்திலிருந்து கலெக்டருக்குப் பாக்கெட் போகட்டும் என்று ஒரு காலத்தில் திறந்த வழி அது. பல சமயம் முழு சப்நெட்டுக்கும் எல்லா போர்ட்டையும் திறந்து வைத்திருப்பார்கள். கலெக்டர் போன பிறகு அதே உள்முகவரி வேறொரு விஎம்முக்குக் கிடைத்தால், அந்தத் திறந்த வழி அதற்கும் பொருந்தும். மிரரிங்குக்கென்று கொடுத்த நிர்வாக அனுமதிகளையும் அப்போதே திரும்பப் பெற்றுவிடுங்கள்.

கடைசியில் டிஸ்க். இங்கே இரண்டு விதமான பொருள் கலந்திருக்கும், பிரித்தாக வேண்டும். ஸீக்கோ சூரிகாட்டாவோ எழுதிய லாக் ஒரு வகை. செர்ட்-இன் 2022 உத்தரவுப்படி கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். இந்த லாக்கையே அந்தக் கணக்கில் காட்டியிருந்தால், 180 நாள் முடியும் வரை அதை மலிவான ஸ்டோரேஜுக்கு மாற்றி வையுங்கள். பாக்கெட்டுகளை அப்படியே சேமித்த கோப்புகள் இன்னொரு வகை. வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் இருப்பது இவற்றில்தான். வழக்கோ விசாரணையோ நிலுவையில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இவற்றை டிஸ்க்கிலிருந்து அழித்து, இவை பதிந்த ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டையும், வேறு ரீஜியனுக்கு எடுத்த பிரதி இருந்தால் அதையும் நீக்கி, எந்தத் தேதியில் யார் அழித்தார் என்று நான்காவது படியில் சேமித்த கோப்போடு சேர்த்து எழுதி வையுங்கள்.